தொலைவைக் குறைக்கும் கணக்கு

நுழையும்முன்

விளையாட்டுக் களத்தில் வீரர்களைக் காண்போர் பலர். அவ்வீரர்கள் எவ்வூரிலிருந்து, எவ்வளவு தொலைவு கடந்து, எத்தகைய களைப்போடு அக்களத்திற்கு வந்து சேர்ந்தனர் என எண்ணிப் பார்ப்போர் சிலரே. அதனைப் பல மாதங்களுக்கு முன்பே முடிவு செய்துவிடுவது போட்டி அட்டவணை. எந்த அணி, எந்த நாளில், எந்த ஊரில் ஆட வேண்டும் என வரையறுக்கும் சில பக்கங்களுக்குள் அணிகளின் செலவும் வீரர்களின் ஓய்வும் அடங்கியிருக்கின்றன. அவ்வட்டவணையை அமைப்பதில் கணிதம் ஆற்றும் பணியையும், பலர் கூடிச் செயற்படும் இடங்களைப் பற்றி அக்கணிதம் உணர்த்தும் ஓர் உண்மையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பயணத்தின் சுமை

வட அமெரிக்காவில் நடைபெறும் தொழில்முறைப் பேஸ்பால் போட்டிகளுள் முதன்மையானது மேஜர் லீக் பேஸ்பால். இதில் 30 அணிகள் பங்கேற்கின்றன. அவற்றுள் 29 அணிகள் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்தவை. டொராண்டோ அணி மட்டும் கனடாவைச் சேர்ந்தது. ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆட வேண்டும். அவற்றுள் 81 ஆட்டங்கள் சொந்த ஊரிலும் 81 ஆட்டங்கள் வெளியூர்களிலும் அமையும். 30 அணிகளுக்கும் சேர்த்துப் பருவம் ஒன்றில் 2,430 ஆட்டங்கள் நடைபெறுகின்றன. இவையனைத்தும் ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குள் முடிவுற வேண்டும்.

வெளியூர் செல்லும் அணி பெரும்பாலும் அங்கு மூன்று நாள்கள் தங்கி, மூன்று ஆட்டங்கள் ஆடிவிட்டு, அடுத்த ஊருக்குப் புறப்படும். நாட்டின் வடமேற்கு மூலையில் சியாட்டில் நகரம் உள்ளது. தென்கிழக்கு மூலையில் மயாமி நகரம் உள்ளது. இவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,700 மைல். நியூயார்க்கில் மாலை ஏழு மணியாகும்போது சியாட்டிலில் பிற்பகல் நான்கு மணிதான் ஆகியிருக்கும். ஆகவே, நெடும்பயணம் வீரரின் உடலைக் களைப்படையச் செய்வதோடு உறக்க நேரத்தையும் மாற்றிவிடுகிறது.

தொலைவு கூடும்போது விமானக் கட்டணமும் எரிபொருளும் கூடுகின்றன. பயணத்தில் கழியும் நேரம் பயிற்சியிலிருந்தும் ஓய்விலிருந்தும் எடுக்கப்படுகிறது. பெருஞ்செல்வம் படைத்த அணிகள் இச்செலவைத் தாங்கிக்கொள்ளும். வருவாய் குறைந்த கூட்டமைப்புகளில் உள்ள சிறிய அணிகளுக்கோ பயணச் செலவே பெருஞ்சுமையாகிவிடும்.

தொலைவைக் குறைப்பதற்கு வழி எளிதுபோலத் தோன்றலாம். அருகருகே உள்ள ஊர்களுக்கு அடுத்தடுத்துச் சென்றால் போதுமே என எவரும் எண்ணுவர். ஆனால், ஓர் அணியின் வெளியூர் ஆட்டம் மற்றோர் அணியின் சொந்த ஊர் ஆட்டமாகும். ஓர் அணியின் பயணத்தில் ஒரு நாளை மாற்றினால் எதிரணியின் நாளும் மாறும். அதனால் மூன்றாம் அணி ஒன்றின் நாளும் மாறும். நூற்கண்டில் ஓரிழையை இழுத்தால் கண்டு முழுவதும் அசைவதைப்போல, அட்டவணையில் எந்த ஆட்டமும் தனித்து நிற்பதில்லை.

கைத்திறனும் கணினியும்

மேஜர் லீக் பேஸ்பால் போட்டியின் அட்டவணையை ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் அமைத்துத் தந்தவர்கள் ஓர் இணையர். ஹென்றி ஸ்டீபன்சன், ஹாலி ஸ்டீபன்சன் என்பன அவர்தம் பெயர்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த மார்த்தாஸ் வினியார்டு என்னும் தீவில் வாழ்ந்த இவர்கள், கணினியைத் துணையாகக் கொண்டும் தம் பட்டறிவைப் பெரிதும் நம்பியும் இப்பணியைச் செய்து வந்தனர்.

அக்காலத்திலேயே கணித அறிஞர் சிலர் இதே சிக்கலை வேறொரு வழியில் அணுகினர். ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் நெம்ஹவுசரும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் டிரிக்கும் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். இவர்கள் முதலில் அமெரிக்கக் கிழக்குக் கடற்கரைப் பல்கலைக்கழகங்களின் கூடைப்பந்துப் போட்டிக்கு அட்டவணை அமைத்தனர். ஒன்பது அணிகள் மட்டுமே கொண்ட போட்டி அது. பின்னர், கெல்லி ஈஸ்டன், டக் பியூர்மன் ஆகியோருடன் இணைந்து, பேஸ்பால் போட்டியின் பேரளவான சிக்கலில் ஈடுபட்டனர். 2005ஆம் ஆண்டுப் பருவம் முதல் இவர்களது குழு அமைத்த அட்டவணை நடைமுறைக்கு வந்தது. பட்டறிவின் இடத்தில் கணிதம் உடனே அமர்ந்துவிடவில்லை. கூடைப்பந்தில் கண்ட வெற்றி பேஸ்பாலை எட்டப் பல ஆண்டு உழைப்புத் தேவைப்பட்டது.

இம்முயற்சியின்போது, சிக்கலின் உட்கருவை மட்டும் பிரித்தெடுத்து ஆராய விரும்பிய ஈஸ்டன், நெம்ஹவுசர், டிரிக் ஆகிய மூவரும் 2001ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டனர். பயணப் போட்டிக் கணக்கு என அதனைக் குறிப்பிடலாம். அதன் விதிகள் எளியவை. ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளுடனும் இருமுறை ஆட வேண்டும். ஒருமுறை சொந்த ஊரிலும் மறுமுறை எதிரணியின் ஊரிலும் ஆட வேண்டும். எந்த அணியும் தொடர்ந்து மூன்று ஆட்டங்களுக்குமேல் வெளியூரில் ஆடக்கூடாது. அவ்வாறே சொந்த ஊரிலும் ஆடக்கூடாது. ஒரே இரண்டு அணிகள் அடுத்தடுத்த சுற்றுகளில் மோதக்கூடாது. எல்லா அணிகளும் சொந்த ஊரிலிருந்து தொடங்கி, இறுதியில் சொந்த ஊருக்கே திரும்ப வேண்டும். இவ்விதிகளுக்கு உட்பட்டு, அணிகள் அனைத்தும் கடக்கும் மொத்தத் தொலைவு மிகக் குறைவாக இருக்க வேண்டும்.

நான்கு ஊர்களின் கணக்கு

இக்கணக்கின் மிகச் சிறிய வடிவம் அட்லாண்டா, நியூயார்க், பிலடெல்பியா, மான்ட்ரியால் ஆகிய நான்கு ஊர்களைக் கொண்டது. அக்காலத்தில் மான்ட்ரியாலிலும் ஓர் அணி இருந்தது. 2005ஆம் ஆண்டில் அது வாஷிங்டனுக்கு இடம்பெயர்ந்தது. இவ்வூர்களுக்கு இடைப்பட்ட தொலைவுகள் மைல் கணக்கில் வருமாறு:

அட்லாண்டா – நியூயார்க்: 745
அட்லாண்டா – பிலடெல்பியா: 665
அட்லாண்டா – மான்ட்ரியால்: 929
நியூயார்க் – பிலடெல்பியா: 80
நியூயார்க் – மான்ட்ரியால்: 337
பிலடெல்பியா – மான்ட்ரியால்: 380

முதலில் அட்லாண்டா அணியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அது மூன்று வெளியூர் ஆட்டங்களை ஆட வேண்டும். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் சொந்த ஊர் திரும்பினால், அவ்வணி கடக்கும் தொலைவு 4,678 மைல். மாறாக, சொந்த ஊரிலிருந்து பிலடெல்பியா சென்று, அங்கிருந்து நியூயார்க், அங்கிருந்து மான்ட்ரியால் எனத் தொடர்ந்து ஆடிவிட்டுத் திரும்பினால் தொலைவு 665 + 80 + 337 + 929 = 2,011 மைலாகச் சுருங்கிவிடும். அதே ஆட்டங்கள், அதே ஊர்கள், பயணம் பாதிக்கும் குறைவு. வரிசை ஒன்றே மாறியது.

நான்கு ஊர்களையும் சுற்றிவரும் மிகக் குறுகிய வழி இதுவே. இது ஒரு வட்டமாக அமைவதால், எந்த ஊரிலிருந்து தொடங்கினாலும் அதன் நீளம் மாறாது. எனவே, ஒவ்வோர் அணியும் தனக்கு மிகச் சிறந்த பயணத்தைத் தேர்ந்தெடுத்தால் நான்கு அணிகளின் மொத்தத் தொலைவு 4 × 2,011 = 8,044 மைல் ஆகும். எந்த அட்டவணையும் இத்தொலைவைவிடக் குறைவாக இருக்க இயலாது. இத்தகைய எண்ணைக் கணித அறிஞர் கீழ் எல்லை என்பர்.

தனி நன்மையும் பொது நன்மையும்

இனி எழும் வினா இது: 8,044 மைலில் ஓர் அட்டவணையை அமைக்க முடியுமா? முடியாது என்பதை எளிதில் நிறுவலாம்.

முதல் சுற்றில் இரண்டு ஆட்டங்கள் நடைபெறும். ஆகவே, இரண்டு அணிகள் சொந்த ஊரில் இருக்கும். இரண்டு அணிகள் வெளியூரில் இருக்கும். வெளியூரில் உள்ள இரண்டு அணிகளும் தத்தம் குறுகிய வழியில் செல்ல விரும்பினால், அவை இடையில் சொந்த ஊர் திரும்பாமல் மூன்று சுற்றுகளிலும் தொடர்ந்து வெளியூரிலேயே ஆட வேண்டும். அம்மூன்று ஆட்டங்களுள் ஒன்று மற்றைய அணியின் ஊரில் நடைபெற வேண்டும். ஆனால், அந்த அணியும் அதே மூன்று சுற்றுகளில் வெளியூரில் இருக்கிறது. விருந்தினர் வரும் நாளில் வீட்டார் ஊரில் இல்லை. எனவே, எல்லா அணிகளும் தத்தம் சிறந்த வழியில் செல்லும் அட்டவணை ஒன்று இருக்கவே இயலாது.

அவ்வாறாயின், இயலக்கூடியவற்றுள் மிகச் சிறந்தது எது? அதற்குரிய விடை 8,276 மைல் என நிறுவப்பட்டுள்ளது. அத்தொலைவைத் தரும் அட்டவணை ஒன்று வருமாறு:

முதல் சுற்று: அட்லாண்டாவில் பிலடெல்பியா, நியூயார்க்கில் மான்ட்ரியால்.
இரண்டாம் சுற்று: அட்லாண்டாவில் நியூயார்க், பிலடெல்பியாவில் மான்ட்ரியால்.
மூன்றாம் சுற்று: அட்லாண்டாவில் மான்ட்ரியால், பிலடெல்பியாவில் நியூயார்க்.
நான்காம் சுற்று: பிலடெல்பியாவில் அட்லாண்டா, மான்ட்ரியாலில் நியூயார்க்.
ஐந்தாம் சுற்று: நியூயார்க்கில் அட்லாண்டா, மான்ட்ரியாலில் பிலடெல்பியா.
ஆறாம் சுற்று: மான்ட்ரியாலில் அட்லாண்டா, நியூயார்க்கில் பிலடெல்பியா.

இவ்வட்டவணையில் அட்லாண்டாவும் மான்ட்ரியாலும் தத்தம் குறுகிய வழியில், அதாவது 2,011 மைலில் பயணத்தை முடித்துவிடுகின்றன. நியூயார்க் அணி 2,127 மைல் செல்கிறது. பிலடெல்பியா அணியும் 2,127 மைல் செல்கிறது. இவ்விரு அணிகளும் தமக்குரிய சிறந்த வழியைவிட 116 மைல் கூடுதலாகச் செல்கின்றன. அவ்விரு 116 மைல்களின் கூட்டுத்தொகையாகிய 232 மைலே 8,044க்கும் 8,276க்கும் உள்ள வேறுபாடு.

இந்த 232 மைலைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். இது எவருடைய தவற்றாலும் விளைந்த இழப்பு அன்று. நான்கு அணிகள் ஒரே போட்டியில் கூடி ஆடுவதற்கு அவை சேர்ந்து செலுத்தும் விலை. ஒவ்வொருவருக்கும் மிகச் சிறந்ததைத் தனித்தனியே கூட்டினால் அனைவருக்கும் மிகச் சிறந்தது கிடைத்துவிடும் என்னும் எண்ணம் இங்குப் பொய்க்கிறது. எவரேனும் சிறிது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எவ்வளவு விட்டுக்கொடுத்தால் போதும் என்பதைக் கணிதம் திட்டவட்டமாகக் கூறுகிறது. இங்கு அது நூற்றுக்கு மூன்று விழுக்காட்டிற்கும் குறைவு.

தெரிந்து தெளிவோம்

சொந்த ஊர், வெளியூர் என ஆட்டங்கள் மாறி மாறி அமைந்தால் அணிகளுக்கும் பார்வையாளர்களுக்கும் நல்லது. ஆனால், எல்லா அணிகளுக்கும் அவ்வாறு அமைக்க இயலாது. மாறி மாறி அமையும் வரிசைகள் இரண்டே உள்ளன: சொந்த ஊரில் தொடங்குவது ஒன்று, வெளியூரில் தொடங்குவது மற்றொன்று. ஒரே வரிசையைக் கொண்ட இரண்டு அணிகள் எப்போதும் ஒரே நேரத்தில் சொந்த ஊரிலோ வெளியூரிலோ இருப்பதால், அவை தமக்குள் ஆடவே இயலாது. எனவே, எவ்வளவு பெரிய போட்டியிலும் இரண்டு அணிகளுக்கு மேல் இவ்வாய்ப்பைப் பெற முடியாது.

எண்ணிக்கையின் பெருக்கம்

நான்கு அணிகளுக்கு எத்தனை அட்டவணைகள் அமைக்கலாம்? நான்கு அணிகளை இரண்டிரண்டாகப் பிரிக்கும் முறைகள் மூன்று. ஆறு சுற்றுகளில் ஒவ்வொரு முறையும் இருமுறை வர வேண்டும். அவற்றை வரிசைப்படுத்த 90 வழிகள் உள்ளன. ஆறு இணைகள் ஒவ்வொன்றிலும் எந்த ஊரில் முதல் ஆட்டம் என்பதை முடிவு செய்ய 64 வழிகள் உள்ளன. ஆக மொத்தம் 90 × 64 = 5,760 அட்டவணைகள். பொறுமை உடைய ஒருவர் இவற்றைக் கையாலேயே சரிபார்த்து, விதிகளை மீறுவனவற்றை நீக்கி, விடை காணலாம்.

பத்து அணிகளுக்கு நிலைமை முற்றிலும் வேறு. ஒவ்வோர் இணையும் ஒருமுறை மட்டுமே ஆடுவதாகக் கொண்டாலும், 45 ஆட்டங்களை ஒன்பது சுற்றுகளாகத் தொகுக்கும் முறைகள் 122 கோடியே 55 லட்சத்து 66 ஆயிரத்து 720. அச்சுற்றுகளை வரிசைப்படுத்தும் வழிகள் 3,62,880. ஒவ்வோர் ஆட்டமும் எந்த ஊரில் என முடிவு செய்யும் வழிகள் ஏறத்தாழ 35 லட்சம் கோடி. இம்மூன்றையும் பெருக்கிக் கிடைக்கும் அட்டவணைகளை, ஒரு கணினி நொடிக்கு 100 கோடி வீதம் சரிபார்த்தாலும், முடிப்பதற்கு ஏறத்தாழ 50,000 கோடி ஆண்டுகள் ஆகும். பேரண்டத்தின் வயதே ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள்தான்.

ஆகவே, கணினி விரைவானது என்பதால் மட்டும் இச்சிக்கல் தீர்ந்துவிடாது. எவற்றைப் பார்க்கத் தேவையில்லை என்பதை அறியும் அறிவே இங்குத் தேவைப்படுகிறது. அவ்வறிவைத் தருவது கணிதம்.

கணினிக்குச் சொல்லும் முறை

இச்சிக்கலைக் கணினி அறியும் வகையில் எழுதுவதற்கு மூன்று கூறுகள் வேண்டும். அவை மாறிகள், கட்டுப்பாடுகள், குறிக்கோள் என்பன.

குறிப்பிட்ட சுற்றில் குறிப்பிட்ட அணி குறிப்பிட்ட ஊருக்குச் சென்று ஆடுகிறதா என்பது ஒரு வினா. ஆம் எனில் 1. இல்லை எனில் 0. இதுவே மாறி. நான்கு அணிகளுக்கு 4 × 3 × 6 = 72 மாறிகள் தேவை. பத்து அணிகளுக்கு 10 × 9 × 18 = 1,620 மாறிகள் தேவை. ஒரு சுற்றில் ஓர் அணி ஓர் ஆட்டமே ஆட வேண்டும். ஓர் அணி மற்றோர் அணியின் ஊருக்கு ஒருமுறையே செல்ல வேண்டும் என்பன போன்ற விதிகள் கூட்டல் சமன்பாடுகளாக எழுதப்படுகின்றன. இவை கட்டுப்பாடுகள். மொத்தத் தொலைவை மிகக் குறைவாக்குதல் குறிக்கோள். இவ்வாறு முழு எண்களைக் கொண்டு அமையும் கணக்கு முழு எண் திட்டமிடல் எனப்படும்.

விடை தேடும் முறை மரம் ஏறுவதைப் போன்றது. முதல் சுற்றை ஒருவாறு நிரப்பினால் ஒரு கிளை. வேறுவாறு நிரப்பினால் மற்றொரு கிளை. அக்கிளையிலிருந்து இரண்டாம் சுற்றுக்குரிய கிளைகள் பிரியும். ஒரு கிளையில் எவ்வளவு சிறப்பாகத் தொடர்ந்தாலும் தொலைவு 8,300 மைலுக்குக் குறையாது என்பதைக் கீழ் எல்லை காட்டிவிட்டால், 8,276 மைல் அட்டவணை ஏற்கெனவே கையில் உள்ளதால், அக்கிளையை முழுவதுமாக வெட்டிவிடலாம். அதன் நுனியில் இருக்கும் அட்டவணைகளை ஒருமுறைகூடப் பார்க்க வேண்டியதில்லை. கிளைத்து வெட்டும் இம்முறையை 1960ஆம் ஆண்டில் அய்ல்சா லேண்ட், ஆலிசன் டாய்க் என்னும் இரு பெண் அறிஞர்கள் வெளியிட்டனர்.

இத்தகைய கருவிகள் இருந்தும் பயணப் போட்டிக் கணக்கு எளிதில் பணிந்துவிடவில்லை. ஆறு அணிகளுக்கு 23,916 மைல், எட்டு அணிகளுக்கு 39,721 மைல், பத்து அணிகளுக்கு 59,436 மைல் என விடைகள் கண்டறியப்பட்டன. பத்து அணிக்குரிய விடையைவிடச் சிறந்தது இல்லை என நிறுவுவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. நல்ல விடையைக் காண்பது ஒன்று. அதனினும் நல்ல விடை இல்லை என மெய்ப்பிப்பது மற்றொன்று. பின்னதே அரிது.

தெரிந்து தெளிவோம்

1947ஆம் ஆண்டில் ஜார்ஜ் டான்ட்சிக் என்னும் அமெரிக்க அறிஞர் நேரியல் திட்டமிடல் கணக்குகளுக்கு விடை காணும் முறையை உருவாக்கினார். அவர் அப்போது அமெரிக்க வான்படையில் பணியாற்றினார். படைகளுக்குரிய பயிற்சி, தளவாடம் ஆகியவற்றின் திட்டத்தைக் குறிக்க வழங்கிய சொல்லே இக்கணிதத்தின் பெயராயிற்று. கணினி நிரலுக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. ஆகவே, தமிழில் வழங்கும் திட்டமிடல் என்னும் சொல் மூலப்பொருளை நன்கு உணர்த்துகிறது. 1954ஆம் ஆண்டில் டான்ட்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் ஆகிய மூவரும் அமெரிக்காவின் 49 நகரங்களைச் சுற்றிவரும் மிகக் குறுகிய வழியைக் கண்டறிந்தனர்.

பிற நாடுகளில்

தென் அமெரிக்காவில் உள்ள சிலி, வடக்குத் தெற்காக ஏறத்தாழ 4,300 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நாடு. அந்நாட்டின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டிக்கு 2005ஆம் ஆண்டு முதல் முழு எண் திட்டமிடல் முறையில் அட்டவணை அமைக்கப்பட்டது. கில்லெர்மோ துரான், ஆந்திரேஸ் வெயின்ட்ராப் ஆகியோர் இப்பணியில் முன்னின்றனர்.

அர்ஜென்டினாவின் கைப்பந்துப் போட்டியில் வேறொரு வழி கையாளப்பட்டது. அணிகள் இரண்டிரண்டாக இணைக்கப்பட்டன. வெளியூர் செல்லும் அணி, ஓர் இணையைச் சேர்ந்த இரண்டு அணிகளுடனும் ஒரே பயணத்தில் ஆடிவிடும். எந்த அணியை எந்த அணியோடு இணைப்பது, இணைகள் எந்த வரிசையில் சந்திப்பது ஆகிய இரண்டும் மொத்தத் தொலைவைக் குறைக்கும் நோக்கில் முடிவு செய்யப்பட்டன.

அணிகளுக்கேனும் சொந்த ஊர் உண்டு. பருவத்தின் பாதி ஆட்டங்களில் அவை வீட்டருகே இருக்கும். பேஸ்பால் நடுவர்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவர்கள் பருவம் முழுவதும் ஊர் ஊராகச் செல்ல வேண்டியவர்கள். அவர்களது பயணத்தைக் குறைக்க வேண்டுமெனில், ஒரு நடுவர் குழுவை அருகருகே உள்ள சில ஊர்களிலேயே பணியாற்றச் செய்யலாம். ஆனால், ஒரே அணியின் ஆட்டங்களை ஒரே குழு மீண்டும் மீண்டும் நடத்துவது நடுநிலைக்கு உகந்ததன்று. எனவே, தொலைவு குறைய வேண்டும் என்னும் விருப்பமும் நடுநிலை பேணப்பட வேண்டும் என்னும் விதியும் எதிரெதிரே நிற்கின்றன. இவ்விரண்டையும் நிறைவு செய்யும் வழியை மைக்கேல் டிரிக்கும் அவருடன் பணியாற்றியோரும் ஆராய்ந்து வகுத்தனர்.

குறிக்கோளை வகுப்பவர் யார்?

தொலைவு ஒன்றே அட்டவணையின் நோக்கமாக இருப்பதில்லை. விடுமுறை நாள்களில் சொந்த ஊரில் ஆட விரும்பும் அணிகள் உண்டு. தொலைக்காட்சி நிறுவனங்கள் பெயர்பெற்ற அணிகளின் மோதல் வார இறுதியில் அமைய வேண்டும் என விரும்பும். இசை நிகழ்ச்சிக்கு ஒதுக்கப்பட்ட நாளில் திடல் கிடைக்காது. வீரர்களுக்குப் போதிய ஓய்வுநாள் வேண்டும். இவற்றுள் எதற்கு எவ்வளவு முதன்மை தருவது என்பதைக் கணினி முடிவு செய்வதில்லை.

மேஜர் லீக் பேஸ்பால் போட்டியில் 2023ஆம் ஆண்டு நிகழ்ந்த மாற்றம் இதற்குத் தக்க சான்று. 30 அணிகளும், பெரும்பாலும் நில அமைப்பின் அடிப்படையில், ஐந்து ஐந்தாக ஆறு பிரிவுகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. அதற்கு முந்தைய முறையில், ஓர் அணி தன் பிரிவைச் சேர்ந்த நான்கு அணிகள் ஒவ்வொன்றுடனும் 19 முறை ஆடியது. அவ்வகையில் 76 ஆட்டங்கள் அமைந்தன. அருகில் உள்ள அணிகளோடு மிகுதியாக ஆடியதால் பயணம் குறைந்தது. ஆனால், வலிமை மிக்க பிரிவில் சிக்கிய அணி கடினமான எதிரிகளையே மீண்டும் மீண்டும் சந்திக்க நேர்ந்தது. 2023 முதல் பிரிவுக்குள் ஆடும் ஆட்டங்கள் ஒவ்வோர் எதிரணியுடனும் 13 ஆகக் குறைந்து, மொத்தம் 52 ஆயின. ஒவ்வோர் அணியும் மற்ற 29 அணிகளையும் ஒரே பருவத்தில் சந்திக்கும் நிலை உருவாயிற்று. இதனால் போட்டியின் சமநிலை கூடியது, நெடும்பயணங்களும் கூடின.

இம்மாற்றம் சரியா, தவறா எனக் கணிதம் தீர்ப்புக் கூறாது. ஒரு விதியைச் சேர்த்தால் எத்தனை மைல் கூடும், நீக்கினால் எத்தனை மைல் குறையும் என்பதை அது கூறும். நியூயார்க்கும் பிலடெல்பியாவும் சுமக்கும் 116 மைலை வேறு அணிகளின் தோளுக்கு மாற்றினால் மொத்தத் தொலைவு என்னவாகும் என்பதையும் அது கூறும். அவ்விலையைச் செலுத்தலாமா, எவர் செலுத்துவது என்பவை மனிதர் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டியவை.

கணக்குத் தெரியாத இடத்தில் விட்டுக்கொடுத்தல் பெரும்பாலும் எளியோர் மீது விழுகிறது. வலியவர் தம் வசதிக்கேற்ற நாளைப் பெற்றுவிடுவர். எஞ்சிய நாள்கள் மற்றவர்க்குக் கிடைக்கும். எவ்வளவு இழப்புத் தவிர்க்க இயலாதது, எவ்வளவு தவிர்க்கக்கூடியது என்பது எண்ணால் வெளிப்படும்போது அவ்வாறு நிகழ்வதற்கு இடம் குறைகிறது. 232 மைலுக்கு மேல் ஒரு மைல் கூடினாலும் அது ஏன் கூடியது என வினவும் உரிமை நான்கு அணிகளுக்கும் கிடைக்கிறது. பேருந்து நேரங்களை வகுப்போருக்கும், தேர்வு அட்டவணை அமைப்போருக்கும், மருத்துவமனையில் செவிலியரின் பணிமுறையைப் பகிர்வோருக்கும் இக்கணிதம் பயன்படுகிறது. அங்கெல்லாம் மைலுக்குப் பதிலாக மனிதரின் காத்திருப்பும் உறக்கமும் எண்ணப்படுகின்றன.

கலைச்சொல் விளக்கம்

உகந்த தீர்வு – கட்டுப்பாடுகள் அனைத்தையும் நிறைவு செய்யும் விடைகளுள் மிகச் சிறந்தது.
கீழ் எல்லை – எந்த விடையும் இதனைவிடக் குறைய இயலாது என உறுதியாகக் கூறத்தக்க எண்.
குறிக்கோள் – ஒரு கணக்கில் மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ ஆக்கப்பட வேண்டிய அளவு.
கட்டுப்பாடு – விடை மீறக்கூடாத விதி.
முழு எண் திட்டமிடல் – மாறிகள் முழு எண்களாகவே அமைய வேண்டிய திட்டமிடல் கணக்கு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வட்டத்திலுள்ள நான்கு பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கு இடைப்பட்ட தொலைவுகளைத் திரட்டுக. இப்பாடத்தில் உள்ள விதிகளின்படி ஒரு கபடிப் போட்டிக்கு அட்டவணை அமைத்து, எந்தப் பள்ளி எவ்வளவு கூடுதலாகப் பயணம் செய்கிறது எனக் கணக்கிடுக.

2. நியூயார்க் அணி தன் மூன்று வெளியூர் ஆட்டங்களையும் தொடர்ந்து ஆடிவிட்டுத் திரும்புவதற்கு உரிய வெவ்வேறு வழிகளை எழுதி, அவற்றின் தொலைவுகளை ஒப்பிடுக.

குறுவினா

1. பயணப் போட்டிக் கணக்கின் விதிகள் யாவை?
2. கீழ் எல்லை என்பது யாது?

சிறுவினா

1. நான்கு அணிகளும் தத்தம் குறுகிய வழியிலேயே பயணம் செய்ய இயலாது என்பதை விளக்குக.
2. நடுவர்களின் பயணத்தைத் திட்டமிடுவதில் எழும் முரண் யாது?

நெடுவினா

1. “அட்டவணையின் விலையைக் கணிதம் கூறும், அதனைச் செலுத்துவது பற்றி மனிதரே முடிவு செய்ய வேண்டும்.” இக்கருத்தைப் பாடப்பகுதியின் சான்றுகளோடு விவரிக்க.